பிள்ளப்பெத்த வீடு

தண்ணி இன்னும் கொதிக்கல. கொதிச்ச பொறவு சுறாத் துண்டப் போடணுமா, பச்சத் தண்ணியிலேயே போட்டு அடுப்ப மூட்டணுமான்னு எங்கக்கா பனியக்காட்ட கேட்டதுக்கு ஒரு வாய்ஸ் அனுப்பிருக்கா, அதுல பாதிக்கு மேல என்னை ஏசுததுதான், ஏல ரெமி, கோட்டிப்பயலே, இத்தன வருசமா சுறாப்புட்ட வழிச்சு வழிச்சுத் தின்னியே, ஒரு நாளாச்சும் அடுப்படிக்குள்ள எட்டிப் பாத்தியாலேன்னு. எங்க பாக்க. கரையில கெடந்த நாளவிட கடல்ல கெடந்த நாள்தான் கூட. எங்க வீட்டு அடுப்படி இவ்வளவு சின்னதுன்னே இன்னைக்குத்தான் தெரியுது, கைய நீட்டினா பாத்திரம் உருளுது, திரும்பினா தலையில அலமாரி இடிக்கி, போட்டுல சமைக்குத பயலுக்கே இதவிட இடம் உண்டு. அக்கா இங்க இருந்தா எனக்கு இந்தப் பாடு இல்ல, அவ கால ஒடிச்சுக்கிட்டு உவரியில கட்டுப் போட்டுக் கெடக்கா. ஜெனோவுக்கு அம்மா கெடையாது, அவ பத்தாப்பு படிக்கையிலேயே போய்ச் சேந்துட்டு. எங்கம்மா அதுக்கும் முன்னாலேயே. பிள்ளப்பெத்தவளுக்கு ஆக்கிப்போட வேற யாரு இருக்கா, நான்தான் இருக்கேன், நல்ல ஆளப் பாத்துத்தான் குடுத்திருக்கீரு ஆண்டவரே. மஞ்சப்பொடி போடு, உப்பு போடு, வேகவை, தோல உரி, முள்ள எடு, உதுத்துப் பிழி, பொறவு நல்லெண்ணெயில சின்ன வெங்காயம், பூண்டு கை நெறைய, மிளகாயக் கொறச்சு மிளகக் கூட்டு, நாளைக்கே பால் பீச்சும் பாருன்னு சொல்லுதா அக்கா. பீச்சட்டும். சேசுவே, பீச்சட்டும்.

உள்ள பிள்ள சிணுங்குது. அழுகன்னு சொல்ல முடியாது, அழுவுததுக்குத் தெம்பு வேணும்லா. பொறந்தப்பவே எட கொறச்சல், இந்த வாரத்துல இன்னும் கொறஞ்சிட்டு, நாளைக்குக் காலையில நர்ஸம்மா வந்து தூக்கிப் பாப்பாங்க, கூடலைன்னா திரும்பத் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேக்கணும்னு சொல்லிட்டாங்க, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைப்பாங்களாம், மூக்குல குழாய் போடுவாங்களாம். டப்பாப் பால குடுத்தா குடிச்ச மாதிரிக் குடிச்சிட்டு அப்படியே கக்கிருது. ஜெனோவுக்குப் பால் ஊறல. சொட்டு வருது, பிள்ள சப்பிச் சப்பி ஓஞ்சுபோயி வாயத் தொறந்தமேனிக்குத் தூங்கிருது, அதப் பாத்து இவ அழுதா, நான் என்ன பொம்பளங்க, ஒரு பிள்ளைக்குக் குடுக்க எனக்கு இல்லையேன்னு. ஏட்டி, செத்துப் பொழச்சவட்டி நீன்னு சொன்னேன். அதுக்கும் அழுதா. ஆப்பரேசன் ரூமு வாசல்ல நான் நின்ன நிலை அவளுக்குத் தெரியாது, ரத்தம் நிக்கல, வெளிய ரத்தம் வேணும்னு ஒருத்தி ஓடி வாரா, என் ரத்தம் சேராதுன்னுட்டாங்க, சவத்த, கட்டுனவளுக்குக் குடுக்க ஒதவாத ரத்தத்த வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய. போட்டுக்காரப் பயலுவ அப்பத்தான் கரை புடிச்சிருந்தானுவ, மீன எறக்காம, குளிக்காம, அந்தக் கைலியோடயே வேன்ல ஏறி வந்துட்டானுவ, நர்ஸு மூக்கப் பொத்திக்கிட்டு என்னங்கடா இது மீன் வாடன்னு ஏச, ரத்தத்துல வாட வராது சிஸ்டர், எடுங்கன்னு கைய நீட்டினானுவ. என் பெண்டாட்டி ஒடம்புல இப்ப ஓடுதது முக்காவாசி அவனுவ ரத்தம். அவனுவளுக்கு நான் என்னத்தச் சொல்ல, நன்றின்னு சொன்னா சிரிப்பானுவ, போலேம்பானுவ. அதான் சொல்லல. உள்ளுக்குள்ள சொல்லிக்கிட்டே கெடக்கேன், விடிஞ்சா அடைஞ்சா அதே வேலைதான்.

இந்தச் சுறா கெடச்சதுக்கும் நன்றி அப்படித்தான். ரெண்டு நாளா தருவைக்குளம் கரையில சுறா வரல. முன்னயெல்லாம் பால் சுறா கால்ல தட்டும், இப்ப வலக்காரன் ஒவ்வொருத்தன்ட்டயும் சொல்லி வச்சும் இல்ல, ஆளாளுக்கு எனக்கு சமாதானம் சொல்லுதானுவ, நாளைக்கு வரும்டே, ராத்திரி வலைக்கு வரும்டே. இன்னைக்குக் காலையில ஏலக் குவியல்ல ஒண்ணே ஒண்ணு கெடந்திருக்கு. பெலவேந்திரம் மாமாதான் ஏலம் கூறுதவரு, குரலக் கேட்டா கடல்ல போற போட்டு திரும்பிப் பாக்கும், அவரு அந்தச் சுறாவ மட்டும் வாலப் பிடிச்சுத் தூக்கி, பிள்ளப்பெத்த வீடுன்னு ஒரு சத்தம் போட்டாராம். எங்க ஊர்ல அதுதான் மொற. அந்தச் சத்தம் வந்துட்டுன்னா அதுக்கு ஒருத்தனும் கேள்வி கேக்கக் கூடாது, எந்தப் பெரிய வியாபாரியா இருந்தாலும் கைய எறக்கிரணும், மீன் ஏலத்தவிட்டு வெளிய வந்து நேரா அந்த வீட்டுக்குப் போயிரும். மதுரை வியாபாரி ஒருத்தன் புதுசு, மொற தெரியாம வாயத் தொறந்திருக்கான், மாமா அவனப் பாத்து, உங்காத்தாளும் இதத் தின்னுதாம்டே உனக்குக் குடுத்தான்னு கேட்டாராம், கரையே சிரிச்சிருக்கு. பேப்பர்ல சுத்தி அவரே கொண்டாந்து வாசல்ல குடுத்தாரு. உள்ள வரல, தீட்டுக்கு இல்ல, மேலெல்லாம் செதிலா இருக்குடே, பிள்ளைக்கு ஆகாதுன்னு தள்ளி நின்னுக்கிட்டாரு. கையெடுத்துக் கும்பிடணும்போல இருந்துச்சு. வாங்கிட்டு உள்ள ஓடி வந்துட்டேன்.

அப்பாவோட கத்தி அடுப்படிச் செவத்துல மாட்டிருக்கு, சுறா வெட்டுத கத்தி, கை நீளம் இருக்கும், அத எடுத்தேன். எடுத்து இந்த மீனு பக்கத்துல வச்சதும் எனக்கே சிரிப்பு வந்துட்டு. கத்திக்குப் பாதி இல்ல மீன். திரும்ப மாட்டிட்டு ஜெனோ கத்தரிக்கா நறுக்குத கத்திய எடுத்துக்கிட்டேன். பால் சுறான்னா சின்னதுதான், அது வளந்தாலே அவ்வளவுதான், ஆனா இது அதுக்கும் சின்னதா இருக்கேன்னு அப்பவே ஒரு உறுத்தல். செட்டை நுனியில மை தொட்ட மாதிரி கருப்பு. பால் சுறாவுக்கு ஏது அந்தக் கருப்பு. சும்மா கெட மனசே, வெளிச்சம் பத்தாதுன்னு சொல்லிக்கிட்டு குழாயத் தொறந்து மல்லாக்கப் போட்டுக் கழுவுதேன், வயிறு வெள்ள வெளேர்னு இருக்கு, பெருவிரலால தடவிக்கிட்டே வாரேன், ரெண்டு முன் செட்டைக்கும் நடுவுல விரல் தட்டிட்டு. சின்னதா ஒரு கீறல். கத்திக் கீறல்னு நெனச்சேன், வலை அறுத்திருக்கும்னு நெனச்சேன், ஜன்னல் பக்கமா தூக்கிப் பிடிச்சுப் பாத்தா, ஐயோ, தொப்புள். இன்னும் மூடாத தொப்புள். உதடு மாதிரி லேசாப் பிளந்து, சுத்தி செவப்பா. காலையில பிள்ளையத் தொடச்சுவிடும்போது பாத்தேனே, காஞ்ச கொடி ஒட்டிக்கிட்டிருக்கே, நர்ஸம்மா அதுவா விழணும், யாரும் தொடாதீங்கன்னு சொல்லிருக்காங்களே, அது. அதேதான். இது பால் சுறா இல்ல. ஆள் உயரத்துக்கு மேல வளருத சாதியோட குட்டி. போன வாரமோ அதுக்கு முந்துன வாரமோ பொறந்திருக்கு. எம்மவளும் இதுவும் ஒரே வயசு.

குழாய மூடத் தோணல, தண்ணி போய்க்கிட்டே இருக்கு. குட்டின்னு தெரியாதா நமக்கு, எத்தன குட்டி பாத்தாச்சு, கூடை கூடையா வந்து எறங்குததப் பாத்தாச்சு, பால் சுறா பால் சுறான்னு வாங்கிட்டுப் போறாங்க, பாதி குட்டிதான், எல்லாருக்கும் தெரியும், யாரும் மல்லாக்கப் போட்டுப் பாக்கதில்ல. நான் மட்டும் என்னத்துக்குப் பாத்தேன். ஏறக்கொறைய ஒரு வருசம் முன்னால, பருவலையில ஒரு தாய்ச் சுறா வந்துச்சு, பருவலைன்னா கண்ணி பெரிசு, பெரிய மீனுக்குன்னே போடுத வலை, அதத் தூக்கி மேல்தட்டுல போட்டதும் வயித்துல இருந்து குட்டி ஒவ்வொண்ணா வழுக்கிக்கிட்டு வந்து விழுது, கொடியோட, பயலுவ கூச்சல் போடுதானுவ, ஒண்ணு என் காலடியில வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுச்சு. பல் இருந்துச்சு அதுக்கு. பொறக்கும்போதே பல்லோட, பொறந்த நிமிசத்துலயே பொழச்சுக்கன்னு அனுப்பி வச்சிருக்கு ஆத்தாக்காரி. அன்னைக்கு ஐஸ் பெட்டி நெறஞ்சிட்டுன்னு சந்தோசமாத்தான் இருந்துச்சு, இல்லங்கல, அதுல வந்த பங்குலதான் இந்தச் செவத்துக்குப் பூச்சு பூசினது. சுறாதான்யா எங்களுக்கு எல்லாம். எங்கப்பா எங்கள வளத்தது சுறா, அக்காளக் கட்டிக் குடுத்தது சுறாப்பீலி, அந்தச் செட்டையக் காயப்போட்டு அனுப்பின காலம், என்னைப் பெத்தப்ப எங்கம்மா தின்னது சுறா. ஒவ்வொரு வீட்லயும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மொதப் பாலு சுறாவுல இருந்துதான் வந்திருக்கு. ஊரே அதுட்ட பால் குடிச்சிருக்கு. மீன் ஆராய்ச்சிக்காரங்க வந்து கோயில் மண்டபத்துல கூட்டம் போட்டு, பெரிய சுறா வயசுக்கு வரவே பத்துப் பன்னெண்டு வருசம் ஆவும்னு சொன்னப்ப, பின்னால இருந்து எவனோ, அப்ப சடங்கு வைக்கணுமா சார்னு கேட்டான், நாங்க எல்லாரும் சிரிச்சோம், அந்த சாரும் சிரிச்சிட்டாரு. பத்துப் பன்னெண்டு வருசம். எம்மவளுக்கும் அவ்வளவுதானே ஆவும். நேத்துப் பொறந்ததயெல்லாம் அள்ளிட்டு வந்துட்டா அங்க எது வயசுக்கு வரும், எது மாசமாவும், எது பெக்கும். கோயில்ல பீடத்துக்குப் பக்கத்துல வேளாக் கொம்பு மாட்டிருக்கு, மூஞ்சியே ரம்பமா இருக்குமாம் வேளா மீனுக்கு, நேர்ச்சையா யாரோ குடுத்தது, கொம்பு மட்டுமே என் நெஞ்சு உசரம். அப்பா அந்த மீனப் பாத்திருக்காரு. நான் கொம்பத்தான் பாத்திருக்கேன். நாளைக்கு எம்மவ பிள்ள பெத்துக் கெடக்கையில எந்தச் சுறாவ வாங்கிட்டு வந்து எவன் ஆக்கிப்போடுவான், சுறாக் கத்தி மட்டும் செவத்துல தொங்கும், அவளும் இப்படித்தான் வந்து பாப்பா, இது எதுக்குன்னு கேப்பா. ஆக்கணுமா இத. தூரப் போடணுமா. தூரப் போட்டா பாலுக்கு என்ன செய்ய, ஊரே கைய எறக்கி அனுப்பி வச்ச மீன், நாளைக்கு எட கூடலைன்னா கண்ணாடிப் பெட்டி, மூக்குல குழாய். ஆக்குனா, இதோட வயித்துலயும் என் மவ வயித்துலயும் ஒரே மாதிரி புண்ணு. தண்ணி கொதிக்குது. கேக்குது எனக்கு. கொதிக்கட்டும்.

"ஏங்க, குழாய் ஓடுதே, என்ன செய்யுதிய அங்க?" செவத்தப் பிடிச்சுக்கிட்டு ஜெனோ வந்து நிக்கா, எந்திரிக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொன்னேன், நைட்டிக்கு மேல என் சட்டையப் போட்டிருக்கா, முகத்துல ரத்தமே இல்ல, இருந்தாலும் நிக்கா, என் அடுப்படியில ரெண்டு கால்ல நிக்கா, மாதாவே. மீன பின்னால மறைக்கப் பாத்தேன், சட்டியில தல மாட்டிக்கிட்ட பூன கணக்கா, அவ பாத்துட்டா. என்னன்னா. ஒண்ணுமில்லட்டின்னேன். காட்டுங்கன்னா. காட்டினேன். அவ மீன்காரன் மவ, சொல்ல வேண்டியதில்ல, ஒரு விரல வச்சு அந்தக் கீறலத் தொட்டா, பையத் தொட்டா, பிள்ளையத் தொடுத மாதிரி.

"இதுக்கும் இன்னும் காயலயா?"

தூரப் போட்டுருதேன் ஜெனோ, பூண்டு போட்டு முருங்கக்கீர ஆக்குதேன், அதுக்கும் பால் ஊறும்னு அக்கா சொல்லுவான்னேன். அவ மீன என் கையில இருந்து வாங்கி உள்ளங்கையில வச்சுக்கிட்டு, "தூரப் போட்டா உசிரு வந்துருமா? நாய் தின்னும். எனக்குன்னு வந்தத நான் திங்கேன்"னா. அப்புறம் அந்தக் கீறலப் பெருவிரலால மூடிக்கிட்டு, "இதோட அம்மா இதத் தேடுமாங்க?" ன்னு கேட்டா. தேடாதுட்டி, சுறா பெத்துப் போட்டுட்டுப் போயிரும், திரும்பிப் பாக்காது, அது அப்படித்தான்னு சொன்னேன், கடல்காரன்லா, தெரிஞ்சதச் சொன்னேன். "நீங்க போயி கேட்டியளா?" ன்னா. நான் குழாய மூடினேன். "ஒரு மாசமில்ல, பத்து மாசமில்ல, அதுக்கு மேலயும் சொமக்கும்னு எங்கப்பா சொல்லுவாரு. சொமந்ததுக்குத் தேடாம இருக்குமா?" ன்னு சொல்லிக்கிட்டே அவ கண்ணு நெறையுது, அப்பப் பாத்து உள்ள பிள்ள சிணுங்கிச்சு, இவ சட்டுனு நெஞ்சப் பிடிச்சா. என்னட்டி, என்ன செய்யுது, ரத்தமா, எங்க வலிக்குன்னு பதறிப்போயி நான் பிடிக்கேன், உசிரே போயிட்டு எனக்கு. அவ குனிஞ்சு பாக்கா. நானும் பாக்கேன். என் சட்டையில, நெஞ்சுக்கு ரெண்டு பக்கமும், ஈரம். பெரிசாயிட்டே வருது ஈரம். குழாய்த் தண்ணியில்ல.

"ஏங்க" ன்னா. அவ்வளவுதான் சொன்னா. மீன என் கையில திணிச்சிட்டு, செவத்தையும் பிடிக்காம ஓடுதா, ஓடாதட்டி தையல் தையல்னு நான் கத்துதேன், யாரு கேக்கா. நான் பின்னாலேயே போயி கதவோரமா நின்னேன். பிள்ள கவ்வுது. ஒரு சப்பு, ரெண்டு சப்பு, வழக்கம்போல விட்டுருமோன்னு மூச்ச அடக்கிக்கிட்டு நிக்கேன், விடல, பொறவு ஒரு சத்தம் வந்துச்சு பாத்தியா, மடக்கு, மடக்குன்னு தொண்டையில எறங்குத சத்தம், கடவாயில வழியுது, மூக்குல ஏறி ஒரு தும்மல், திரும்பக் கவ்வுது. இத்தன நாள் கடல்ல எத்தனையோ சத்தம் கேட்டிருக்கேன், இதுக்கு எதுவும் ஒற போடக் காணாது. ஜெனோ என்னப் பாத்துச் சிரிக்கா, அழுதுக்கிட்டே சிரிக்கா, போங்க, அடுப்பப் பாருங்கன்னு கையாட்டுதா. நான் அங்கேயே முட்டி போட்டுட்டேன். யாருக்குப் போட்டேன்னு தெரியல, மாதாவுக்கா, ரத்தம் குடுத்த பயலுவளுக்கா, எங்கயோ தண்ணிக்கடியில திரிஞ்சிக்கிட்டிருக்க அந்த ஆத்தாளுக்கா. எல்லாருக்கும் சேத்துத்தான் போட்டேன். கையில மீன் இருக்கு.

அடுப்படிக்கு வந்து தண்ணிய எறக்கி வச்சேன், பொறவு திரும்ப ஏத்தி வச்சேன். அவ சொல்லிட்டா, எனக்குன்னு வந்தத நான் திங்கேன்னு, அத வீணாக்க எனக்கு என்ன உரிம இருக்கு. ஆக்கித்தான் போடப் போறேன். பருக்க வீணாக்காம, முள்ள எடுத்து, நல்லா உதுத்து, அக்கா சொன்ன மாதிரி பூண்டு கை நெறைய. இந்தக் குட்டிக்கும் எம்மவளுக்கும் இனி ஒரு ஒறவு உண்டு, பெரியவளானதும் சொல்லணும் அவகிட்ட. மத்த குட்டிகளுக்கு என்ன செய்ய. போட்டு அடுத்த வாரம் தங்கலுக்குப் போவுது, நாலஞ்சு நாள் கடல்லயே கெடப்போம், எங்க வலையிலயும் வரும், உசிரோடயே வரும் சில நேரம், கண்ணியில சிக்கி முழிச்சுக்கிட்டு. மல்லாக்கப் போட்டுப் பாப்பேன். தொப்புள் மூடலைன்னா என்ன செய்வேன், என்ன சொல்லி விடுவேன், பாவம்னு சொன்னா பயலுவ விடமாட்டானுவ, சட்டம்னு சொன்னா மொறைப்பானுவ, அந்த சார் சொன்னதச் சொன்னா திரும்பவும் சடங்கு வைக்கணுமான்னு கேப்பானுவ. எவனும் எதுத்துப் பேச முடியாதபடிக்கு ஒரு வார்த்த வேணும். வெங்காயத்த உரிச்சுக்கிட்டே யோசிக்கேன், கண்ணு எரியுது, வெங்காயந்தான், வேற ஒண்ணுமில்ல, அப்பத்தான் அது வந்துச்சு, எங்கேயிருந்தும் வரல, காலையிலேயே என் வாசல்ல வந்து நின்னதுதான். கடலும் அந்த வீடுதானே. அங்கேயும் ஒருத்தி பெத்துப்போட்டுக் கெடக்காள்லா. வாலப் பிடிச்சுத் தூக்கி, பெலவேந்திரம் மாமா மாதிரியே அடிவயித்துல இருந்து சத்தம் போட்டுட்டு, கடலப் பாத்து விட்டுருவேன். கைய எறக்கித்தான் ஆவணும் எல்லாவனும். மொறன்னா மொறதான். சிரிப்பானுவ, சிரிக்கட்டும், அவனுவ ரத்தத்தப் பாலாக் குடிச்ச பிள்ளையோட அப்பன் நான், எனக்கு இவ்வளவு கூட விட்டுக்குடுக்க மாட்டானுவளா. சத்தம் சரியா வருதான்னு பாப்போமேன்னு கத்தியக் கீழ வச்சிட்டு, தொண்டையச் செருமிக்கிட்டு, அடுப்படியில நின்னே ஒரு தடவ போட்டுப் பாத்தேன்.

"பிள்ளப்பெத்த வீடு!"

"யாரங்க கூப்புடுதிய? பிள்ள திடுக்கிடுது."

"ஒண்ணுமில்லட்டி. நீ குடு."